மைனஸ் பதினொன்று

அக்கா எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் கொடுப்பாள். மரியாதைக்காக என்றுதான் தங்கை வெகுநாள் நினைத்திருந்தாள். இடது கை ஏப்ரன் பைக்குள்ளேயே இருக்கும்.

விரல் நுனியில் தொடங்கிய வெள்ளைத் திட்டு மணிக்கட்டைத் தாண்டிய வருஷம், ரொட்டிக் கடை முதலாளி அவளைக் கல்லாவிலிருந்து மாவு பிசையும் உள்ளறைக்கு மாற்றினார். தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அக்கா நீட்டினாள்.

"எனக்குத் தெரியும்மா. வாங்க வர்றவங்களுக்குத் தெரியாதே."

மாவுக்குள் போகும் கை யார் கண்ணிலும் படாது என்பது அவர் கணக்கு.

தங்கை அந்த வீட்டின் முதல் பட்டதாரி. மருந்து ஆராயும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. வெள்ளைத் திட்டுக்கு மருந்து தேடி, தோலுக்கு நிறம் தரும் நொதியின் குழிக்குள் நாற்பதாயிரம் சேர்மங்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்க வேண்டும். எது எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறதோ அதற்கேற்ற மார்க். மைனஸ் கூடக் கூட இறுக்கம்.

"மைனஸ் வாங்கினா முதலிடமா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் காலேஜ் போயிருப்பேனேடி" என்று அக்கா சிரித்தாள்.

ஒரு மத்தியானம் ஒரு சேர்மத்துக்கு மைனஸ் பதினொன்று வந்தது. அதற்கு அடுத்தது எட்டைத் தாண்டவில்லை. தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்போ மருந்து கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சுக்கா."

இன்னும் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் குனிந்து செருப்பைக் கழற்றினாள். மறுநாளே அக்கா முதலாளியிடம் போய், வருஷக் கடைசிக்குள் கை சரியாகிவிடும், கல்லாவைத் தனக்கே வைத்திருங்கள் என்று கேட்டாள்.

ஆறு வாரம் கழித்து, ஆய்வகத்தில் செல் வளர்க்கிறவர் இரண்டு தட்டுகளைத் தங்கை முன் வைத்தார். மருந்து போட்ட செல்கள் கறுத்திருக்க வேண்டும். போடாதவற்றைவிட வெளுத்துக் கிடந்தன.

"ஆனா சார், மார்க்..."

"மார்க் இறுக்கத்துக்குத்தாம்மா. நொதியோட கையைப் பிடிச்சு நடத்துதா, கழுத்தைப் பிடிச்சு நெரிக்குதான்னு அது சொல்லாது. இது நெரிக்குது."

பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அவள் வீட்டில் மார்க் ஷீட்டில் எண்ணைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை. அவளும் பார்க்கவில்லை.

கம்பெனியில் யாரும் வருந்தவில்லை. சிவப்பழகு கிரீம் செய்கிறவர்கள் சோதித்துப் பார்க்க அந்தச் சேர்மத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்றார் மேனேஜர். "அறிக்கையில உன் பேருதாம்மா முதல்ல."

பஸ்ஸில் வரும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்: அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன்.

கதவைத் திறந்த அக்கா டீ டம்ளரை நீட்டினாள். இடது கையால்.

"முதலாளி சரின்னுட்டாருடி. எல்லார் முன்னாடியும் நீட்டணுமில்ல, இப்பவே பழகிக்கிறேன். சோதனை என்னாச்சு?"

டம்ளரின் சூடு விரலில் ஏறியது. "நடந்துட்டிருக்குக்கா."

வருஷம் முடிந்தது. முதலாளி அக்காவின் கையை ஒரு தடவை பார்த்தார்; கல்லாவில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். கை மறுபடி பைக்குள் போனது.

அக்கா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த அந்த ஒரு வாக்கியத்தைத் தங்கை அவளுக்கு இன்னும் தரவில்லை.