தோவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்

தோவே ராஸ்குக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது எஸ்பியர் நகரப் பேருந்துகளில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரியும். இருக்கை மேல் சேற்றுக் காலணியை வைத்துக்கொண்டு எவனாவது உட்கார்ந்திருந்தால், அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்க மாட்டாள். பேருந்தை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் நடந்து வருவாள். "அந்தக் கால எடுக்கிறியா, இல்ல அந்தக் காலாலேயே வீட்டுக்கு நடக்கிறியா?" என்பாள். கடல் காற்று ஆளைத் தள்ளுகிற ஊரில் நடக்க யாருக்கு மனசு வரும்? கால்கள் இறங்கிவிடும்.

கணவன் பிரிந்து போய் வெகுகாலம் ஆகிறது. துறைமுகத்துக்கு மேலே உள்ள தெருவில், தரைத்தளக் குடியிருப்பில் அவளும் இரண்டு டாஷண்ட் நாய்களும்தான். நீள உடம்பு, குட்டைக் கால், வயிறு தரையைத் தொடும் ஜாதி. கிழவன் பெயர் விகோ, இளையவள் ரோசா. பயணிகளிடம் காட்டாத முகம் ஒன்று தோவேயிடம் இருந்தது. அதை அந்த இரண்டும் மட்டும்தான் பார்த்தன.

அவற்றுக்கு முன்னால் லோட்டே என்று ஒரு நாய் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் விருந்து முடிந்த மறுநாள் அது வாந்தி எடுத்தது. தண்ணீர் குடித்தது, மறுபடி வாந்தி எடுத்தது. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகிவிடும் என்று தோவே நினைத்துவிட்டாள். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது சிறுநீரகம் இரண்டும் நின்றிருந்தன. "திராட்சை தின்னுச்சா? காஞ்ச திராட்சை? கேக்குல, ரொட்டில, எதுலயாவது?" என்று மருத்துவர் கேட்டார். தோவேக்குத் தெரியாது. வந்திருந்த உறவுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லோரும் இல்லை என்றார்கள். லோட்டே செத்துப்போனது.

அதன் பிறகு அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் சட்டம்தான். இந்த வருடம் விருந்து வைக்கும் முறை அவளுக்கு வந்தது. மரத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி கட்டினாள். உண்மையான மெழுகுவத்திக்குப் பதில் மின்விளக்கு போட்டு, அதன் ஒயரைச் சுவரோடு ஒட்டினாள். கீழ்க் கிளைகளில் ஒரு கண்ணாடி உருண்டைகூட இல்லை. சாக்லேட்டும் பாதாம் இனிப்பும் அலமாரி உச்சிக்குப் போயின. வாத்து எலும்புக்கு மூடி போட்ட வாளி ஒன்று. விருந்து முடியும்வரை நாய்கள் படுக்கையறையில், கதவு சாத்தி, ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் கோட்டைக் கழற்றும்போதே சொன்னாள்: "நாய்களுக்கு யாரும் எதுவும் தரக்கூடாது. அந்தக் கதவ யாரும் திறக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

வந்தவர்கள் அண்ணன் பிரேபன், அவன் மனைவி லிஸ்பெத், மகள், மருமகன், இரண்டு பேரப் பிள்ளைகள். பிரேபன் பெரிய உடம்புக்காரன், அதைவிடப் பெரிய சிரிப்புக்காரன். அவன் சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவளுக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு பெயர் இருந்தது: கிறுக்கு. சின்ன வயதிலிருந்து அந்தப் பெயர் தோவேக்குத்தான்.

"என்ன தங்கச்சி, மரத்தையே ஜெயில்ல போட்டுட்ட? அது என்ன திருடுச்சு?" என்றான் வேலியைப் பார்த்து.

"உன் வாய்க்கும் ஒரு வேலி வாங்கியிருக்கணும். கடைல தீந்துபோச்சு."

"அப்பா காலத்துல நாயி மேசைக்கடியிலதான் கெடக்கும். நாம போட்டதெல்லாம் தின்னுச்சு. கல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப என்னமோ ராணி வீட்டுக் கொழந்தை மாதிரி!"

தோவே பல்லைக் கடித்துக்கொண்டு வாத்தை வெட்டினாள்.

சாப்பாடு முடிந்தது. சூடான மசாலா ஒயின் இரண்டு சுற்று வந்தது. வழக்கம்போல எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடத் தொடங்கினார்கள். தோவேயின் ஒரு கையில் மருமகன், மறு கையில் பேத்தி. வேலியை ஒரு சுற்றுச் சுற்றியதும் பாட்டு சூடு பிடித்தது. கைகோத்த சங்கிலி கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் புகுந்து நடைவழியாகத் திரும்பியது. அப்போதுதான் தோவே பார்த்தாள். படுக்கையறைக் கதவு ஆவென்று திறந்திருந்தது.

கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். தரையில் ஒயின் கோப்பைகள் இரண்டு. அடியில் ஊறிக் கிடக்கிற திராட்சையையும் பாதாமையும் கரண்டியால் தின்பார்களே, அந்தக் கோப்பைகள். இரண்டும் நக்கித் துடைத்தாற்போல் இருந்தன. ரோசா மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. விகோவின் மீசையில் ஒரு திராட்சைத் தோல் ஒட்டியிருந்தது.

"யாரு?"

பாட்டு நின்றது. பிரேபன் வாசலில் வந்து நின்று சிரித்தான். "கிறிஸ்துமஸ் அன்னைக்கு அதுங்களும் ஒரு வாய் குடிக்கட்டுமேன்னுதான். பாரு, கெழவன் தள்ளாடுறான்!"

தோவேக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால் நேரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாய்களையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். பேருந்து ஓட்டுபவள், விருந்திலும் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை.

"ஏய், இதுக்குப் போயி டாக்டரா? பைத்தியமா நீ?" பிரேபன் பின்னாலேயே வந்தான்.

அப்போது யாரும் எதிர்பாராதபடி லிஸ்பெத் எழுந்து கோட்டை மாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து கணவன் பேச்சுக்குத் தலையாட்டியே பழகியவள் அவள். "ஒன்ன என்கிட்ட குடு. நீ ஓட்டணும்ல," என்று ரோசாவை வாங்கிக்கொண்டாள்.

அவசர மருத்துவமனை நகரத்தின் மறு கோடியில். மழையும் காற்றுமாக வெறிச்சோடிய சாலையில் தோவே கண்ணை எடுக்காமல் ஓட்டினாள்.

"எவ்ளோ குடுத்தான்? டாக்டர் கேப்பாங்க."

"ஆளுக்கு ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு கோப்பை என்னோடது," என்றாள் லிஸ்பெத்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு எங்களோட கைகோத்துட்டுப் பாட்டுப் பாட வந்த?"

லிஸ்பெத் ரோசாவின் காதை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தோவே, லோட்டேக்கும் அவன்தான் குடுத்தான். திராட்சைக் கேக்கு. ஒரு பெரிய துண்டு. நீ போன் பண்ணிக் கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். இல்லன்னு சொல்லுன்னான். சொன்னேன்."

தோவே வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். "வண்டிய நிறுத்தி உன்ன எறக்கி விட்டுருவேன். ரோசா உன் மடில இருக்கா, அதனால பொழச்ச," என்றாள்.

பணியிலிருந்த பெண் மருத்துவர் ஊசி போட்டு இரண்டையும் வாந்தி எடுக்க வைத்தார். ஊதிப்போன திராட்சைகள் முழுசு முழுசாக வந்து விழுந்தன. "நல்லவேளை, உடனே கொண்டுவந்தீங்க. ஆனா இங்கயே இருக்கட்டும். டிரிப்ஸ் ஏத்தி ரத்தத்தப் பாக்கணும். பெரியவன் விஷயத்துல என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது," என்றார். விகோ கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து வாலை ஒருமுறை ஆட்டியது. அந்த வாலைப் பார்த்ததும் தோவேக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுகையை இங்கே கொட்டிவிட்டால் வீட்டுக்குப் போனபின் கோபத்துக்குத் தெம்பு இருக்காது என்று நினைத்தாள்.

வீட்டில் பிரேபன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, செர்ரிச் சாறு ஊற்றிய அரிசி இனிப்பைத் தின்றுகொண்டிருந்தான். அதற்குள் ஒரே ஒரு முழுப் பாதாமை ஒளித்து வைப்பார்கள், அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. "பாதாம் எனக்குத்தான் கெடச்சுது! பரிசு எங்க தங்கச்சி?"

தோவே அவனுடைய கோட்டைக் கொண்டுவந்து கிண்ணத்தின் மேலேயே போட்டாள். கிண்ணம் கவிழ்ந்து செர்ரிச் சாறு அவன் மடியில் வழிந்தது.

"லோட்டேய நீ கொன்ன. நான் அழுதுட்டே போன் பண்ணினேன். இல்லன்ன. அது தெரிஞ்சும் இன்னைக்கு மறுபடி குடுத்த. எந்திரி."

பிரேபன் லிஸ்பெத்தைப் பார்த்தான். அவள் முதன்முறையாகப் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஒரு நாய்க்காகக் கூடப்பொறந்தவன வெளிய தள்ளுறியா? அதுவும் கிறிஸ்துமஸ் அன்னைக்கு?"

"நாய்க்காக மட்டும் இல்ல. என் வீட்டுல நின்னு நான் வேண்டாம்னு சொன்னேன். உனக்கு அது சிரிப்பா இருந்துச்சு. சின்ன வயசுலேருந்து உனக்கு அது சிரிப்பு. எந்திரின்னு சொன்னேன்."

மருமகன் சத்தமில்லாமல் பிள்ளைகளுக்குக் காலணி மாட்டினான். கார் கிளம்பிப் போன பிறகும் தோவேயின் கோபம் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தது. விளக்கை அணைத்தாள், வேலியைப் பிடுங்கினாள், அந்த இரண்டு கோப்பைகளையும் குப்பையில் போட்டு உடைத்தாள்.

ரோசா பழையபடி ஆகிவிட்டது. விகோவுக்குச் சிறுநீரகத்தில் பாதி போய்விட்டது. இனி வாழ்நாள் முழுக்க மருந்துச் சாப்பாடுதான். ஒவ்வொரு வேளையும் அந்தச் சாம்பல் நிறக் கூழைத் தட்டில் வைக்கும்போது தோவேக்கு அந்தச் சிரிப்பு காதில் கேட்கும்.

வசந்த காலத்தில் பிரேபன் பூங்கொத்தோடு வந்தான். அவள் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தாள்.

"சரி விடு தோவே, நடந்தது நடந்துபோச்சு."

"என்ன நடந்துச்சு? உன் வாயால சொல்லு."

"அது வந்து... ஒரு தமாஷுக்கு..."

கதவு சாத்திக்கொண்டது. பூங்கொத்து வாசலிலேயே கிடந்து வாடியது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு லிஸ்பெத் ரயிலேறித் தனியாக வந்தாள். பிரேபனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று தோவே கேட்கவில்லை. உள்ளே வந்ததும் லிஸ்பெத் தன் கைப்பையைத் திறந்து காட்டினாள். சீப்பு, கண்ணாடி, மாத்திரை; தின்பண்டம் எதுவும் இல்லை. பையை உயரமான கொக்கியில் மாட்டினாள். விகோ வந்து அவள் காலுறையை முகர்ந்தது.

"நான் இன்னும் உன்மேல கோபமாத்தான் இருக்கேன்," என்றாள் தோவே.

"தெரியும். உருளைக்கிழங்கு உரிக்கட்டுமா?"

தோவே கத்தியை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.