அத்தாவுக்குச் சொல்லாத ஒரு மாதம்

முதலில் வந்தது கால் வலி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்ரின், "கால் கடுக்குதும்மா, தூக்கு" என்பாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் இடுப்புல ஏறணுமாடி?" என்று திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றும்.

பிறகு முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள், விடாத காய்ச்சல், வெளுத்த உதடு. பெரம்பலூரில் இரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "இன்னிக்கே திருச்சிக்குக் கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். பஸ் பாடாலூரைத் தாண்டும்போது அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். ஊருக்குத் திரும்பி வர நெடுநாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

திருச்சியில் எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் இரத்தம் உற்பத்தியாகும் பகுதி) எடுத்துச் சோதித்தார்கள். லுகேமியா (முற்றாத இரத்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்) என்றார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு இன்னொரு அறிக்கை வந்தது. டாக்டரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இவளோட செல்லுல ஒரு ஜீன் மாற்றம் இருக்கும்மா. இதுலயே நல்ல வகை, மருந்துக்குக் கேக்கும்" என்றார்.

முதல் பாதிதான் என் காதில் ஏறியது. ஜீன் என்றால் பரம்பரை என்று பள்ளியில் படித்திருக்கிறேன். என் கணவர் என் தாய்மாமன் மகன். வேறு நல்ல இடங்கள் வந்தும், கட்டினால் மச்சானைத்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்தவள் நான். என் பிடிவாதம் என் பிள்ளையின் இரத்தத்தில் விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தெரியாததைக் கேளுங்கள், இதைப் படிப்பவர்களே. கேட்காமல் நான் பட்ட பாடு போதும்.

மச்சான், அதாவது அப்ரினின் அத்தா (அப்பா), அப்போது குவைத்தில் இருந்தார். எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஆண்கள் வெளிநாட்டில் பிழைப்பதைச் சபுர் என்போம். சபுரில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. என் மாமியாரும் அதையே சொன்னார்: "அவன் அங்க ஒத்தையில கெடந்து தவிப்பான் புள்ள. நல்லாவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்." எனக்கு அது வசதியாகப் போயிற்று. சொன்னால் அவர் என்ன கேட்பார் என்ற பயம் எனக்கு.

அம்மா வீட்டில் இருப்பதாகப் பொய் சொன்னேன். மூன்றாவது வாரம் அப்ரினுக்கு முடி கொட்டியது. வீடியோவில் பேசுவதற்கு முன் தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிவிடுவேன். ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னம் வேறு உப்பியிருந்தது. "மாஷா அல்லாஹ்! எம் மவ பெரிய மனுசியாட்டம் முக்காடு போடுறா. கன்னமும் கும்முன்னு ஆயிடுச்சு. நல்லா சாப்பிடுறா போல" என்று அவர் சிரித்தார். போனை அணைத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன்.

ஒரு மாதம் ஓடியது. அன்று நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அப்ரின் கையில் போன். தலையில் முக்காடு இல்லை. "அத்தா, யாருகிட்டயும் சொல்லாத. என் முடியெல்லாம் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வாங்கி, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் மச்சான் வார்டு வாசலில் வந்து நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நேரே டாக்டரம்மாவிடம் போனார். "நாங்க சொந்தத்துல கட்டுனவங்க டாக்டர். என்னாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சா?" என்று கேட்டார். அட அல்லாவே, இந்த மனுசனும் இதையா நினைத்தார்!

"சொந்தத்துல கட்டுறதால சில நோய் வரும். இது அதுல சேராதுங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க ரெண்டு பேரும் குடுத்ததில்ல இது. புள்ளையோட ஒரு ரத்த செல் ரெண்டாப் பிரியுறப்ப, ரெண்டு குரோமோசோம் (ஜீன்களைச் சுமக்கும் இழை) துண்டு இடம் மாறி ஒட்டிக்கிச்சு. அவ வயித்துல இருக்கறப்பவே அது நடந்திருக்கலாம். ஆனா நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல."

"நான் கேட்டிருக்கணும்" என்றேன். "சொல்லியும் இருக்கணும்" என்றார் மச்சான். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

அப்போது அவர் குவைத்துக்குத் திரும்பவில்லை. சிகிச்சை முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. முதுகுத் தண்டில் ஊசி, வாய்ப்புண், வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்கள், எல்லாம் இருந்தன. ஒரு தடவை பிழைப்பாளா என்றே தெரியவில்லை. ஆனாலும் அந்த நாட்களுக்காக நான் ஏங்குகிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதற்கு முன், கல்யாணமாகி எட்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. தொற்று பயத்தில் விருந்தாளி யாரும் வரக்கூடாது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்த வாடகை வீட்டில் நாங்கள் மூவர் மட்டும். மச்சான் காலையில் தண்ணீர் கொதிக்க வைப்பார், சாத்துக்குடி உரிப்பார், முட்டையைக் கருக்குவார். பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் கள்ளாட்டம் ஆடுவார். "ஒரு கட்டம் கூட வெச்சுட்டே அத்தா! கள்ளன்!" என்று அப்ரின் கத்துவாள். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்த சுகம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கடைசி மாத்திரை முடிந்த அன்று, "இனிமே பரிசோதனைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதமே மச்சானுக்கு மறுபடி குவைத் விசா வந்தது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வருடம் எனக்கு ஜனவரியில் பிறப்பதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள் பிறக்கிறது. அவள் தும்மினால் என் கை என் நெற்றியையே தொட்டுப் பார்க்கிறது. அவள் உடம்புக்கும் என் உடம்புக்கும் நடுவில் இன்னும் எனக்கு எல்லை தெரியவில்லை.

மச்சான் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். பெரம்பலூர் பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு அவளை முத்தமிடக் குனிந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த டாக்டரு எனக்கு நல்லாயிடுச்சுன்னு ஏன் அத்தா சொன்னாங்க?"