கண்டாவளைக்குப் போன பெட்டி

பால் உற்பத்தியாளர் சங்கத்தில் கணினி என்றால் ராஜினிதான். மவுஸ் அசையாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றாவிட்டாலும் அவளைத்தான். ஐந்து வருடமாகத் தற்காலிக ஊழியர். எல்லாக் கிளைகளுக்கும் புதுக் கணினி தெரிவு செய்யும் வேலையை அவள் தலையில் கட்டிய அன்றுதான், நிரந்தரமாக்குகிறோம் என்று நிர்வாகசபை வாய் திறந்தது.

கிளைகளில் இருந்த பழைய கணினிகள் மாதத்துக்கு ஒன்றாகப் படுத்தன. படுக்கும்போது பால் கொடுத்தவர்களின் பதிவுகளையும் கூடவே கொண்டுபோயின. ராஜினி தின் கிளையண்ட் என்ற சாதனத்தைச் சொன்னாள். கையளவுப் பெட்டி, உள்ளே எதையும் சேமித்து வைக்காது. பதிவெல்லாம் கிளிநொச்சித் தலைமை அலுவலகத்துச் சேர்வர் என்ற பெரிய கணினியில் இருக்கும். பெட்டி பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைக் கொழுவலாம்.

சோதனைக்கு இரண்டு வகை வந்தன. ஒன்றில் சூட்டைத் தணிக்கும் காற்றாடி உண்டு, மற்றதில் இல்லை. காற்றாடி உள்ளது வன்னிப் புழுதியை இழுத்து இழுத்தே சாகும் என்று ராஜினி நினைத்தாள். அதைப் பளைக் கிளைக்கு அனுப்பினாள். மனதுக்குப் பிடித்த மற்றதைக் கண்டாவளைக் கிளைக்கு அனுப்பினாள்.

கண்டாவளையில் பால் அளந்து பதிபவர் பேச்சியம்மா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஐம்பது வயதில் கணினி பழகியவர், பெட்டியைத் தினமும் துடைத்து வைப்பார்.

எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிக்கும் உறை, தையல் மெசினுக்கும் உறை. போடாவிட்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ராஜினியும் இந்த ஊரில் வளர்ந்தவள்தானே. இரண்டு பெட்டிக்கும் பூப்போட்ட துணியில் தானே உறை தைத்துக் கொடுத்தாள்.

"வேலை நடக்கேக்கையும் கழட்டாதேங்கோ அக்கா, புழுதி" என்று பேச்சியம்மாவிடம் சொல்லியும் விட்டாள்.

பதினாறாம் நாள் கண்டாவளைப் பெட்டி நின்றது. தலைமை அலுவலகத்துக்கு உறையோடேயே திரும்பி வந்தது. ராஜினி உறையை உரித்தாள். பெட்டியின் மேல்பக்கம் வெந்து வளைந்திருந்தது. காற்றாடி இல்லாத பெட்டி தன் சூட்டை மேலே உள்ள ஓட்டைகளால்தான் விடும். அந்த ஓட்டைகளை அவளுடைய துணி அடைத்திருந்தது. பளையில் உறையை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அந்தப் புண்ணியவானால் அங்கே பெட்டி பிழைத்தது.

முகாமையாளர் சஜீவன் வந்து பார்த்தார்.

"கண்டாவளை ஆக்களுக்கு இது சரிவராது ராஜினி. கிளையைப் பளையோடை சேர்த்துவிடுவம். அறிக்கையிலை பாவனைப் பிழை எண்டு ஒரு வரி போடுங்கோ. திங்கட்கிழமை உங்கடை நியமனமும் கூட்டத்துக்கு வருது."

"ஓம் சேர்" என்றாள்.

அது பொய்யும் இல்லை. பெட்டியைப் பாவித்த விதத்தில்தான் பிழை. யாருடைய பிழை என்று எவரும் கேட்கப்போவதில்லை. கிளை போனால் பேச்சியம்மாவின் வேலையும் போகும். இரண்டு நாள் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினாள். பயமாகத்தான் இருந்தது, ஐந்து வருடம் என்றால் சும்மாவா?

மூன்றாம் நாள் அதை அழித்துவிட்டு எழுதினாள்: "உறையைத் தைத்ததும் கழற்ற வேண்டாம் என்றதும் நான். பெட்டியிலும் கிளையிலும் பிழை இல்லை. காற்றாடி இல்லாததையே வாங்கலாம். மூடக் கூடாது."

நிர்வாகசபை அதையே வாங்கியது. கண்டாவளைக் கிளை தப்பியது. ராஜினியின் நியமனத்தை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள்.

புதுப் பெட்டியைக் கொழுவ அவளே கண்டாவளைக்குப் போனாள். பழையது ஏன் நின்றது என்று பேச்சியம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள்.

"எங் கை பட்டுத்தான் போச்சுன்னு நெனச்சேன் மிஸ்" என்றார். மேசை லாச்சியைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை நீட்டினார். வேலையை விடுகிறேன் என்ற கடிதம். பெட்டியைக் கெடுத்தது நான்தான் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.