நாலாம் வளைவில் ஏறாதவன்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம், போடிமெட்டு மலைப்பாதையில் நடந்தது இது. நான் அப்போது மலைக்குக் கீழே போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தேழு. வண்டியில் இடம் பிடிக்க நான் போட்ட ஒரு துண்டு, ஒரு பிள்ளையின் உயிரைக் கொண்டு போய்விட்டது. இதை என் வீட்டுக்காரியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அவளும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இனி யாரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பிக்கப் வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து வந்து, பின்பக்கம் இரும்பு வளையம் வைத்துப் படுதா போட்டு, இரண்டு ஓரமும் பலகை அடித்து, ஆள் ஏற்றும் வண்டியாக மாற்றியிருந்தார்கள். ஏறுவதற்குப் பின்னால் ஒரு தகரப் படி. பலகைக்கு ஐந்து பேர், டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர், ஆகப் பன்னிரண்டு. தோட்டத்து வேலையாட்கள், சிலமலைப் பக்கத்தில் நிலம் உழும் சம்சாரிகள், என்னைப் போன்ற கடைக்காரர்கள், கூடையில் கோழிகள் என்று எல்லாரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க அதில்தான் மலையேறி இறங்குவோம். ஆள் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்கள். போடியிலிருந்து ஏறி இறங்கக் காலையில் ஒரு நடை, மத்தியானத்துக்கு மேல் ஒரு நடை. அதை விட்டால் கால்நடைதான்.

அதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மலை உச்சியில் மெட்டில் வண்டி நிற்கும்போதே பலகையில் துண்டைப் போட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் நடந்து இறங்கி, கீழே நாலாம் வளைவில் காத்திருந்து ஏறிக்கொள்ளலாம். வண்டி வளைந்து வளைந்து வருவதற்குள் மனிதன் நேராக இறங்கிவிடுவான். துண்டு கிடந்தால் ஆள் உட்கார்ந்த கணக்கு. அதை யாரும் எடுக்கமாட்டார்கள், தொடக்கூட மாட்டார்கள். ஒரு தடவை பெரிய நிலக்காரர் ஒருவர் தெரியாமல் என் துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டு, நாலாம் வளைவில் என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து முன்பக்கம் போனார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் இந்த வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் வயிறு. மேலிருந்து இறங்கும் முதல் மூன்று வளைவுகளில் எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். நடந்து இறங்கி நாலாம் வளைவில் ஏறினால் தப்பித்துக்கொள்வேன். அதனால் மெட்டுக்குப் போகும்போதெல்லாம் என் சிவப்புக் கரைத் துண்டு எனக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். தோட்டங்களில் மாதிரிக்கு ஏலக்காய் வாங்கிக்கொண்டு, முதல் நாள் மெட்டிலேயே தங்கிவிட்டு, காலையில் வண்டிக்கு வந்தேன். மழை விட்டு மூட்டம் போட்டிருந்தது. பின்படிக்குப் பக்கத்துப் பலகையில் துண்டை விரித்தேன். "நாலாம் வளைவுல ஏறிக்கிறேன்" என்று டிரைவரிடம் சொன்னேன். "வெரசா எறங்குங்கண்ணே, இன்னும் ரெண்டு ஆளு வந்தா எடுத்துருவேன்" என்றார். என்னைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் கடைக்காரன் என்பதால் என்னை அண்ணே என்பார்.

நாலாம் வளைவில் ஒரு ஊற்று உண்டு. அங்கே முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன், ஒரு லோடு லாரி மேலிருந்து இறங்கி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எனக்குச் சொந்தம். "என்ன மாப்ளே, ஊத்துக்குக் காவலா நிக்கிறீக? ஏறுங்க, முன்னால எடம் சும்மாதான் கெடக்கு" என்றார். முன்பக்கம் காலை நீட்டி உட்காரலாம். கோழியும் குடையும் இல்லாத பயணம். ஏறிவிட்டேன். துண்டு ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. துண்டு எங்கே போய்விடப்போகிறது, டிரைவர் பத்திரமாக எடுத்து வைப்பார் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போனது. ஒரு நிமிஷம் காத்திருந்து டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அங்கே விறகு கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் சொல்லிவிட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. லாரிக்காரரோடு ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே போடிக்கு வந்து, வீட்டில் சூடாகச் சாப்பிட்டு, மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளும் மேலே போகவேண்டிய சோலி இருந்தது. காலையில் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். அதே பிக்கப், அதே டிரைவர். என்னைக் கண்டதும் சீட்டுக்கு அடியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். மடித்து வைத்திருந்தார்.

"நேத்து எங்கண்ணே போனீக?"

"தெரிஞ்ச லாரி வந்துச்சு. ஏறிட்டேன்."

"யார்ட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் இன்ஜினைத் திறந்துகொண்டு நின்றார். ஒரு இடம் காலியாகப் போன கோபம்போல என்று நினைத்து, துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினேன்.

எனக்கு நேர் எதிர்ப் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தோட்ட வேலைக்காரி, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். கண் இரண்டும் வீங்கிக்கிடந்தன. மடியில் சின்னதாக ஒரு கம்பளி, சுருட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்தால் உள்ளே பிள்ளை தூங்குகிற மாதிரியே இருந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை.

வண்டி அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையில் ஏற ஆரம்பித்ததும், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் "என்ன தாயி, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரே ஒரு பெண்பிள்ளை. இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை அடைத்துக்கொண்டு தண்ணீர்கூட இறங்கவில்லை. புருஷனுக்குத் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தத் தீப் போடுகிற வேலை. ஏலப்பழம் எடுக்கும் காலத்தில் அந்தத் தீயை விட்டு வரமுடியாது. இவளே பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, விடியுமுன் நடக்க ஆரம்பித்து மெட்டுக்கு வந்திருக்கிறாள், போடி ஆஸ்பத்திரிக்குப் போக.

"வண்டியில ஒரே ஒரு எடம் இருந்துச்சுய்யா. அதுல துண்டு கெடந்துச்சு. செவப்புக் கரை போட்ட துண்டு. கீழ வளைவுல ஆளு ஏறும் தாயின்னு டிரைவரண்ணன் சொன்னாக. துண்டு போட்ட எடத்துல நாம எப்படி ஒக்கார முடியும்?"

என் பை மடியில் இருந்தது. துண்டின் சிவப்புக் கரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் அதை உள்ளே தள்ளினேன்.

"புள்ளைக்கு முடியலன்னு சொல்லி நெருக்கி ஏறியிருக்கலாம்ல?" என்றார் பெரியவர்.

அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஆள் அதிகமாகி ஒரு வண்டி வளைவில் சாய்ந்திருந்தது. முந்தலில் போலீஸ்காரர்கள் தலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு தலை இருந்தாலும் வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். பிள்ளை சத்தமில்லாமல் தோளில் கிடந்ததால், தூங்குகிறது, மத்தியான வண்டியில் வரட்டும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். மத்தியானம் வரைக்கும் பிள்ளை தாங்காது என்று இவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. வண்டி போனதும் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டாள்.

"பாதி தூரம் வந்திருப்பேன். கீழ ஹாரன் சத்தம் கேட்டுச்சு. விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்னு கத்திக்கிட்டே ஓடியாந்தேன்யா. மூட்டத்துல யாருக்கும் கேக்கல. நான் வளைவுக்கு வரவும் வண்டி அந்தப் பக்கம் திரும்பவும் சரியா இருந்துச்சு."

அந்த ஹாரன் எனக்காக அடித்தது. என்னைக் கூப்பிட்டு அடித்தது. நான் அப்போது லாரியில் சிரித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் மற்றவர்கள் ஐயோ ஐயோ என்றார்கள். நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முந்தல் வரைக்கும் நடந்தே இறங்கி, அங்கே ஒரு மாட்டுவண்டியில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. பிள்ளை வழியிலேயே அடங்கிவிட்டிருந்தது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றாராம் டாக்டர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற இரண்டு பேர் கூட வந்து சாயங்காலமே அடக்கம் பண்ணிவிட்டார்கள். இப்போது புருஷனிடம் சொல்லப் போய்க்கொண்டிருக்கிறாள். அவனுக்கு இன்னும் சேதி தெரியாது.

"புள்ள எங்கன்னு கேப்பாகளே, நான் என்னய்யா சொல்லுவேன்" என்று கம்பளியைப் பார்த்துக் கேட்டாள்.

நாலாம் வளைவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினோம். அவள் பாதை வந்து சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, அந்தத் துண்டுக்காரவுக வரவே இல்ல, எடம் சும்மாதான் போச்சுன்னு நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லி அழுதீகள்ல. அவுகளுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுச்சா? ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. மழைத்தண்ணியில பாதை வழுக்கிக் கெடந்துச்சு, எங்குட்டும் விழுந்துட்டாகளோ என்னமோ. அவுக வீட்லயும் தேடுவாகள்ல."

டிரைவர் தண்ணீர் வாளியோடு நின்றார். நான் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். இதோ நிற்கிறானே இவன்தான் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடமாட்டாரா என்றும் இருந்தது.

"ஒன்னும் ஆகல தாயி. நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

"அப்பச் சரி" என்றாள் அவள். "அவுகளாச்சும் நல்லா இருக்கட்டும்."

ஓரத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கண்ணெல்லாம் நீராகக் கொட்டியது. முதுகில் ஒரு கை தட்டியது. திரும்பினால் அவள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஏலக்காயை எடுத்து என் கையில் வைத்தாள்.

"வாயில போட்டு மெல்லுங்கண்ணே, கொமட்டல் நின்னுரும். இந்த ரோட்டுல பழக்கமில்லாதவுகளுக்கு இப்படித்தான் வரும்" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான், அந்தத் துண்டு என்னுது ஆத்தா என்று. காலில் விழுந்திருக்கலாம். அவள் என்னைக் காறித் துப்பியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, அந்த உரிமையையும் நான் கொடுக்கவில்லை. ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு, பேசாமல் வண்டியில் ஏறி, அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். மெட்டில் அவள் இறங்கி, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்துப் பாதையில் நடந்தாள். வெறும் கம்பளிதான். ஆனாலும் பழக்கத்தில் ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டே போனாள். மூட்டத்தில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் துண்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தேன், என் வீட்டுக்காரி துவைத்துக் காயப்போட்டாள், கிழியும் வரைக்கும் அது வீட்டில்தான் கிடந்தது. மனிதன் இப்படித்தான் இருக்கிறான். நானும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் காட்சி பார்த்தேன், பேரன் பேத்தி எடுத்தேன். ஆனால் எந்த வண்டி எங்கே நின்று ஹாரன் அடித்தாலும், இந்தா வந்துட்டேன் என்று ஒரு குரல் மூட்டத்துக்குள் கத்திக்கொண்டு ஓடிவருவது எனக்குக் கேட்கிறது. தூங்கும்போதும் கேட்கிறது.

துண்டுக்காரன் வராமல் போனதற்கு ஏதோ ஒரு அவசரம், ஏதோ ஒரு ஆபத்து இருந்திருக்கும் என்றுதான் அந்தத் தாய் நம்பியிருப்பாள். அப்படி ஒன்றும் இல்லை, காலை நீட்டி உட்கார ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான் என்பது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டே பேர். டிரைவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், நான் ஒருவன் பாக்கி இருக்கிறேன்.