ஆளில்லா விமானத்துக்குக் கை காட்டுவது

கட்டுரையின் முதல் பந்திகளை நான் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில்தான் மச்சானின் படகு கரைக்குத் திரும்பவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கொழும்பிலிருந்து ஆசிரியர் வாரப் பதிப்புக்குக் கேட்டது ஒரு கேள்விக்கான பதில்: போர் விமானம் ஓட்ட இனி மனிதர் தேவையா? தூரத்து யுத்தங்களில் ஆளில்லா விமானங்கள் செய்வதை வாசகர்கள் தினமும் தொலைபேசியில் பார்க்கிறார்கள், அவர்களுக்கு நேரான பதில் கொடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம் என்றார். நான் பாதுகாப்பு நிபுணன் அல்லன். நீதிமன்றச் செய்தி, வெள்ளச் செய்தி, பிரதேச சபைச் சண்டை என்று எழுதிப் பழகியவன். ஆனால் தெரியாத ஒன்றை வாசித்து, ஒழுங்குபடுத்தி, தெரிந்ததுபோல எழுதுவது எங்கள் தொழிலின் பாதி. வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க நான் 'தேவையில்லை' என்ற பக்கம் சாய்ந்தேன். ஆளில்லாத விமானம் களைப்பதில்லை. வானத்தில் அதிக நேரம் நிற்கும். சடுதியாகத் திரும்பினால் அதற்கு மயக்கம் வராது. அது விழுந்தால் எந்த வீட்டுக்கும் சவப்பெட்டி போவதில்லை. மறுபக்கத்திலும் விடயங்கள் இருந்தன: தரையிலிருந்து போகும் அலையை எதிரி குழப்பிவிடலாம், குறுகிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் சுற்றிலும் பார்ப்பதும் ஒன்றல்ல, திடீரென்று ஒன்று நடந்தால் முடிவெடுப்பவன் வெகுதூரத்தில் இருக்கிறான். இவற்றை ஒரு பந்திக்குள் அடக்கி, தொழில்நுட்பம் வளர இவை தீர்ந்துவிடும் என்று முடித்திருந்தேன்.

சாய்ந்தமருதில் நான் வழக்கமாகப் பிளேன்டி குடிக்கும் கடையில் இதைச் சொன்னபோது, பக்கத்து மேசையில் இருந்த வலை வியாபாரி காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"விமானி வேணாமெண்டு எழுதுறீங்க. ஒங்கட பேப்பரையும் இப்ப ஆளில்லாமத்தானே எழுதுறானாம். மறுகா நீங்க என்ன செய்யப் போறீங்க? கருவாடு காயப் போடுவமா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை தங்கச்சி வந்து, அவருடைய ஒயர்லஸ் பேசவில்லை என்றாள்.

மச்சான் என்பது தங்கச்சியின் கணவர், அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். இந்தக் கிழக்குக் கரையின் வழக்கப்படி கல்யாணத்தோடு எங்கள் உம்மாவின் வளவுக்கு வந்து, அதற்குள் கட்டிய தங்கச்சியின் வீட்டில் இருப்பவர். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறோம். ஆழ்கடலுக்குப் போகும் படகொன்றை ஓட்டுகிறார். அந்த முறை அவரோடு போனவர்கள் இரண்டு பேர், ஒருவர் எங்கள் ஊர், மற்றவர் பாண்டிருப்பு. கடல் பொங்கப் போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் மற்றப் படகுகள் திரும்பிவிட்டன. இவர்களுடையது மட்டும் வரவில்லை. கடைசியாக அவர்களோடு பேசிய படகுக்காரர், எஞ்சினில் ஏதோ கோளாறு என்று சொன்னது காதில் விழுந்ததாகவும், பிறகு இரைச்சல் மட்டும் கேட்டதாகவும் சொன்னார்.

பெண்ணின் வீட்டில் ஆண் காணாமல் போனால் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியவன் அவளுடைய காக்கா, உடன்பிறந்த அண்ணன். நான் ஏறினேன். மீனவர் சங்கம், மீன்பிடித் திணைக்களம், பள்ளிவாசல் நிருவாகம். எல்லோரும் தகவலை மேலே அனுப்பிவிட்டார்கள். மேலே என்பது எங்கே என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. இடையிடையே கடற்கரைக்குப் போய் ஒன்றும் தெரியாத கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் தங்கச்சி அடுப்படிக்கும் வாசல் படலைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உம்மா தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் உருட்டுவதை நிறுத்தினார். நான் கட்டுரையைத் திறந்து ஒரு வரியை அழித்து, அதே வரியைத் திரும்ப எழுதினேன்.

அடுத்த நாள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த படையினரின் அறைக்கு எங்களை வரச் சொன்னார்கள். தங்கச்சி நானும் வாறன் என்றாள். அங்கே இருந்த அதிகாரி இளம் வயதுக்காரர். சிங்களவர். தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். மரியாதையான மனிதர். தங்கச்சிக்குத் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். காற்று மோசமாக இருப்பதால் முதலில் ஆளில்லா விமானம் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார். ஹெலிகொப்டர் அனுப்பினால் உள்ளே இருக்கும் நாலு உயிரையும் பணயம் வைக்க வேண்டும், அது அதிக நேரம் தேடவும் முடியாது. இது மணிக்கணக்கில் நின்று தேடும். கெட்டாலும் இயந்திரம்தானே.

என் பந்தியை அவர் வாசித்துக் காட்டுவதுபோல இருந்தது. தலையாட்டினேன்.

தங்கச்சி அவரைப் பார்த்து, "அதுக்குள்ள ஆள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை அக்கா, ஆள் தரையில் இருந்து திரையில் பார்ப்பார் என்றார்.

"அப்ப இவங்க ஆரப் பாத்துக் கை காட்டுற?"

கெமரா எல்லாவற்றையும் பார்க்கும் என்று அதிகாரி சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் காரைதீவு வயல்களுக்கு மேலாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அழைப்பு வந்தது. ஒரு படகைக் கண்டிருக்கிறார்கள், உங்களுடையதா என்று அடையாளம் காட்ட வேண்டும். போனபோது மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. மேலிருந்து எடுத்த படம். சாம்பல் நிறக் கடல், நடுவில் படகு. கூரையின் பச்சை நிறமும் அதில் ஒரு மூலையில் தகடு வைத்து அடைத்த இடமும் தெளிவாகத் தெரிந்தன. எங்கட படகுதான் என்றாள் தங்கச்சி. அதற்குப் பிறகுதான் படகின் முன்புறம், அணியத்தின் பக்கம் என் கண் போனது. மூன்று பேர் ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் குப்புறக் கிடந்தார்கள்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ படங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கிடப்பவர்கள் உயிரோடு இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நான் திரையை மறைத்துக்கொண்டு தங்கச்சிக்கு முன்னால் நகர்ந்தேன்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக இன்னொரு படத்தைக் காட்டினார். சூட்டைப் பிடிக்கும் கெமராவின் படம். மூன்று உடல்களும் வெள்ளையாக ஒளிர்ந்தன. உயிரோடு இருக்கிறார்கள், தூங்குகிறார்கள் என்றார். அதுதான் அறிக்கையிலும் இருந்தது: படகு மிதக்கிறது, ஆட்கள் ஓய்வெடுக்கிறார்கள், ஆபத்துச் சைகை எதுவும் இல்லை. கம்பத்தில் ஏற்றிய இடுப்புச் சாரன், துணி, புகை என்று ஒன்றும் காணவில்லை. கடல் தணிந்ததும் வழியில் போகும் கப்பல் ஒன்றிடம் சொல்லி அவர்களை விசாரிக்கச் சொல்லலாம், அவசரமில்லை. அவர் சொன்னதில் பிழை எதையும் நான் காணவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். நானும் அப்படித்தான் செய்தி எழுதுகிறேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். தங்கச்சி சொல்லவில்லை. என்னை விலக்கிவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"காக்கா, இவங்க நித்திரை கொள்ளல்ல."

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"உச்சி வெயிலுக்குள்ள ஆரு நிழலுக்குப் படங்கையும் விரிக்காம வெளியில படுக்கிற? அதுவும் குப்புற? தலைக்கு மேல கையப் பாருங்க. ஒளிஞ்சிருக்காங்க. இதக் கண்டுதான் ஒளிஞ்சிருக்காங்க."

அதிகாரிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் அவள் சொன்ன பிறகுதான். யுத்தம் நடந்த காலத்தில் எங்கள் கரைக்கு மேலாகவும் ஆளில்லா விமானத்தின் சத்தம் போகும். உயரத்தில், ஆளைக் காணாமல், தேன்பூச்சி கூட்டை விட்டுக் கிளம்பியதுபோல ஓர் இரைச்சல். வண்டு என்று சொல்வார்கள். அது பார்த்துவிட்டுப் போகும், பிறகு குண்டு போட வேறொன்று வரும். கடலுக்குப் போனவர்கள் தங்களுக்கென்று ஒரு முறையைப் பழகியிருந்தார்கள். சத்தம் கேட்டால் வேலையை விடு, நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் இறக்கு, குப்புறப் படு, அசையாதே. தங்கச்சி கல்யாணம் முடித்த புதிதில், வயலில் கதிர் பொறுக்கப் போன இடத்தில் வரம்போரம் அவரோடு அப்படிப் படுத்திருக்கிறாள். அவர் தலைக்கு மேல் கையை வைப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் அதிகாரிக்கு விளக்கினேன். நீண்ட வாக்கியங்களாக வந்தன. யுத்தம் முடிந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். தெற்கில் எங்கேயோ, அந்தச் சத்தம் கேட்காத ஊரில். படத்தைத் திரும்பப் பெரிதாக்கினார். பிறகு தங்கச்சியிடம், அப்படியானால் இன்னும் அனுப்பினால் இன்னும் படுத்துக்கொள்வார்களா என்று கேட்டார்.

"ஓம். அது மேல நிக்கிற மட்டும் எழும்ப மாட்டாங்க."

அவர் வெளியே போய்த் தொலைபேசியில் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கையால் தன் தலையை மூடிக் காட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார், எதிரில் ஒருவரும் இல்லை.

ஹெலி அன்று பின்னேரம் போனது. காற்று முழுதாக விழவில்லை. அது கடலுக்கு மேல் போய்ச் சேர்ந்து திரும்பும் வரைக்கும் நான் அந்த அறையின் வெளியே நடந்தேன். இப்போது கவலை இரண்டாகிவிட்டது. எங்கள் மூன்று பேர், அதற்குள் இருக்கும் முகம் தெரியாத நாலு பேர். அவர்களை அனுப்பச் சொன்னது நாங்கள். அவர்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றும் தெரியாது. தங்கச்சி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பின்னேர அசர் தொழுகைக்கு நேரம் முடிகிற தருணத்தில் அதிகாரி கதவைத் திறந்து, கை காட்டுகிறார்கள் என்றார். மூன்று பேரும்.

கடற்படைப் படகு கட்டி இழுத்துக்கொண்டு வர அடுத்த நாள் ஆனது. மச்சானின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் முடிந்து ஐஸை உருக்கிக் குடித்திருக்கிறார்கள், அதிலும் மீன் வாடை. சாப்பிட்டு, தொழுது, தூங்கி எழும்பிய பிறகுதான் கதைத்தார். எஞ்சின் நின்ற காலையிலேயே சாரனைக் கம்பத்தில் கட்டி ஏற்றியிருக்கிறார். கப்பல் ஏதும் கண்டால் வரட்டும் என்று. சத்தம் கேட்டதும் அவரே அதை இறக்கியிருக்கிறார்.

நான் நம்பாமல் பார்த்தேன். அவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"எனக்குத் தெரியும் மச்சான், சண்டை முடிஞ்சிட்டெண்டு. மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியல்ல. அதுவாப் போய்ச் சாரன இழுத்திட்டு. பாண்டிருப்பான் எனக்கு முந்திப் படுத்திட்டான்."

அது சுற்றிச் சுற்றி நின்றதாம். போனதும் எழும்பி, திரும்பக் கட்டி, திரும்ப வந்ததும் இறக்கியிருக்கிறார்கள். ஹெலியின் சத்தம் வந்தபோதும் படுத்துத்தான் கிடந்தார்களாம்.

"பிறகு எப்ப எழும்பின?"

"கதவால ஒருத்தன் தலைய நீட்டினான். கண்ணாடி போட்ட தலை. அதக் கண்ட பிறகு எழும்பினன்."

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கட்டுரை மேசையில் கிடந்தது. அந்தக் காலத்தில் வண்டு பார்த்துவிட்டுத்தானே போனது, குண்டு போட்டது ஆள் ஓட்டிய விமானம் அல்லவா என்றேன். ஆள் இருந்தால் மட்டும் என்ன நிச்சயம்?

அவர் யோசித்தார். தங்கச்சி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஓம், ஆள் ஓட்டினதுதான் போட்ட. ஆனா போட வாறவன் தலைய வெளிய நீட்ட மாட்டான் மச்சான்."

இதைக் கட்டுரையில் எங்கே வைப்பது என்று இரண்டு நாட்கள் அலைந்தேன். ஹெலி மட்டும் போயிருந்தால் அந்தப் பரப்பில் படகைக் கண்டிருக்காது. மணிக்கணக்கில் நின்று தேடிக் கண்டது ஆளில்லாததுதான். ஆளில்லாதது மட்டும் போயிருந்தால், ஓய்வெடுக்கும் மூன்று பேரை, அவர்கள் தாகத்தில் சாகும் வரை, அது படம் எடுத்திருக்கும். நான் கண்டதை எழுதி அனுப்பினேன். பதில் நேராக இல்லை என்றார் ஆசிரியர். அது உண்மை. பாதியாகக் குறைத்து, 'தேவையில்லை' என்ற பக்கத்தின் பந்திகளோடு வெளியிட்டார். பிளேன்டிக் கடையில் வலை வியாபாரி அதை வாசித்துவிட்டு, மச்சானின் கதை எங்கே என்று கேட்டார். இடமில்லை என்றேன்.

எஞ்சின் திருத்தி முடிந்துவிட்டது. மச்சான் அடுத்த கிழமை கடலுக்குப் போகிறார். இனி இப்படி ஏதும் நடந்தால் அநேகமாக ஆளில்லாததுதான் வரும் என்றும், அது வந்தால் எழும்பிச் சாரனை ஆட்ட வேண்டும் என்றும் அதிகாரி தொலைபேசியில் அவருக்கே சொன்னார். சரி சேர், சரி சேர் என்று மச்சான் கேட்டுக்கொண்டார். தங்கச்சியும் அதையே தன் பங்குக்குச் சொன்னாள், ஒரு தரம் அல்ல.

நேற்றுக் காலை வளவில் இருவரும் இருந்தோம். அவர் புதுக் கயிற்றைப் பிரித்து முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மேற்கே வயல் பக்கம் யாரோ மருந்தடிக்கும் ட்ரோனைக் கிளப்பினார்கள். இப்போதெல்லாம் நற்பிட்டிமுனைப் பக்கம் அது வழக்கம், பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மச்சானும் பார்க்கவில்லை. என்னோடு கயிற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டே எழும்பிப் போய், கொடியில் காய்ந்த தன் சாரனை இழுத்து எடுத்து, சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். அவர் கையிலிருந்து சாரனை எடுத்து உதறினாள். கொடியில் போட்டு, இந்தத் தடவை இரண்டு முனையிலும் கிளிப் குத்தினாள்.