பத்து மார்க் தண்ணீர்

ஒரகடம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வாய் நீளம் என்று ஊரில் பெயர். ஊராட்சி அலுவலகத்து ஆள் வந்த அன்றைக்கு மட்டும் அந்த வாய் எங்கே போய்த் தொலைந்ததோ.

ஊர்க்கோடியில் ஒரு கம்பெனியின் சுவரை ஒட்டி ஒரு காலனி இருக்கிறது. அங்கே போர் போட்டால் மஞ்சளாகத்தான் வரும். அவர்கள் குடிப்பதற்கென்று வாரம் இரண்டு நாள் லாரியில் தண்ணீர் போகும். அதை நிறுத்திவிட ஊராட்சியில் பேச்சு.

"பசங்கள வச்சி ஊர்த் தண்ணிய டெஸ்ட் பண்ணி ஒரு லிஸ்ட்டு குடுங்க டீச்சர். அத வச்சி லாரிய முடிவு பண்ணிக்கிறோம்" என்றார் அந்த ஆள்.

ஆள் அனுப்பிச் சோதிப்பது அவர்கள் வேலை. அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தலையில் கட்டினார்கள். நானும் பல்லிளித்துக்கொண்டு சரி என்றேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன சோதனைப் பெட்டி பீரோவில் கிடந்தது. அதை வைத்துப் பெருமை அடித்துக்கொள்ள எனக்கு ஆசை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

வீட்டுத் தண்ணீரை ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"நல்ல தண்ணியா கொண்டாந்தா எத்தினி மார்க்கு மிஸ்?"

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். போர்டைத் துடைத்தபடி, "பத்து" என்றேன்.

மறுநாள் மேசை நிறைய பாட்டில்கள், கண்ணாடி மாதிரி. பெட்டியிலிருந்த உப்பு மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே எண். நாலு தெருவில் நாலு போர், எண் மட்டும் எப்படி ஒன்றாக வரும்? பி.எட். படித்த இந்த எருமைக்கு அது உறைக்கவில்லை. எல்லாருக்கும் பத்து போட்டேன்.

ஒன்று மட்டும் மஞ்சள். காலனியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் ஒரே பெண் கொண்டுவந்தது. அடியில் துரு போலப் படிந்திருந்தது.

"பாட்டிலைக் கழுவக்கூட மாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். காலனி போர் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

"கழுவிட்டுதான் புடிச்சேன் மிஸ்."

எதிர்த்துப் பேசுகிறாள் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். தண்ணீரை வெளியே கொட்டச் சொன்னேன். பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, ஊரில் எல்லாத் தண்ணீரும் குடிக்க ஏற்றது என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்டேன்.

"அது தண்ணி புடிக்க வல்லக்கோட்ட ரோட்டுக்குப் போய்கினு கீது மிஸ். லாரி நின்னுபோச்சில்ல. நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே."

"எல்லாப் பாட்டிலும் நல்லாத்தானே இருந்தது?"

"நாங்கல்லாம் கேன் தண்ணிதான மிஸ் ஊத்தினு வந்தோம். அம்மாதான் ஊத்திக் குடுத்துச்சு. மார்க்கு போயிடுமில்ல."

அந்த அம்மாக்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. வீட்டு மானமும் பிள்ளையின் மார்க்கும் போகக் கூடாதாம். அடுத்த தெருக்காரன் எக்கேடு கெட்டால் என்ன? ஆனால் மார்க் போட்டது அவர்களா, நானா?

ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். லிஸ்ட் தப்பு, திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சீல் வச்ச பேப்பரு டீச்சர். மேல அனுப்பிட்டோம். இன்னிக்கி ஒண்ணு, நாளைக்கி ஒண்ணு எழுதினா நாங்க இன்னா பண்றது?"

கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலனிக்குப் போனேன்.

அந்தப் பெண்ணின் அம்மா கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள். ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. போர்த் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து ஒரு டம்ளர் நிறைய மஞ்சள் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"குடிங்க டீச்சர். நல்ல தண்ணின்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

வாங்கிவிட்டேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். இரும்பு வாடை. அதற்கு மேல் கை போகவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். ரோட்டுத் தண்ணீர் தீர்ந்து, இன்னொரு குடம் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. தாகம் போலிருக்கிறது. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, முழுவதையும் குடித்தாள்.