பின் சீட்டில் மஞ்சள்

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு கையில் குடையும் மறு கையில் துணியுமாக நின்று கார் கழுவியிருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பணகுடிப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் ஆனி மாதத்தில் அது நடந்தது. வஞ்சியூரில் ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராகச் சேர்ந்திருந்தேன். விடிந்ததிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முற்றத்தில் நின்ற அம்பாசிடரை மழையே கழுவிவிட்டது, இன்றைக்கு நமக்கு வேலை மிச்சம் என்று நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். வக்கீலின் மனைவி குளித்த தலையில் ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்து, "முத்தையா, வண்டி குளிச்சோ?" என்று கேட்டார். நான் மழையைக் காட்டினேன். "மழை நனையுந்நது வேறே, குளிக்குந்நது வேறே" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்து நீட்டினார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பணகுடியில் நான் ஓட்டியது ஒரு அரிசி ஆலையின் வேன். அதற்கு ஆயுதபூஜையன்று மட்டும்தான் தண்ணீர். மற்ற நாளெல்லாம் காய்ந்த துணியால் புழுதியைத் தட்டிவிட்டால் போதும், அடுத்த காற்றில் மறுபடி புழுதி. இங்கே புழுதியே கிடையாது. அதற்குப் பதிலாகப் பாசி. கதவின் ரப்பரில் பாசி, மட்கார்டின் அடியில் செம்மண், நாலு நாள் மூடி வைத்தால் ஸ்டியரிங்கில் சாம்பல் நிறத்தில் பூசணம். மனிதர்கள் காலையும் மாலையும் குளித்து, வெளுத்த முண்டு உடுத்து வருகிறார்கள். அவர்கள் குளிக்காத வண்டியில் ஏறுவார்களா? யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

எதை எதற்கு எடுப்பது என்று தெரியப் பல மாதம் ஆயிற்று. முதலில் தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்துப் பெயிண்டில் கீறல் விழுந்தது. பிறகு சாலைக் கடைத்தெருவிலும் பழவங்காடியிலும் அலைந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தண்ணீரை ஒற்றியெடுக்க மெல்லிய தோல். எஞ்சினுக்குப் பனியன் வேஸ்ட். முன் கிரில்லின் இடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். கண்ணாடிக்கு நனைத்த செய்தித்தாள், அதிலும் தமிழ்ப் பத்திரிகையை விட மலையாளப் பத்திரிகைத் தாள் நன்றாகத் துடைக்கும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மெழுகுப் பாலிஷைப் பூசினால் பளபளப்பு வரும், ஆனால் அதைத் தேய்த்து எடுக்க நைந்த பருத்தித் துணி வேண்டும். கடையில் கிடைக்கும் எந்தத் துணியும் என் மனைவி வேலம்மாளின் பழைய சேலைக்கு ஈடாகவில்லை. கேட்காமல் எடுத்துக் கிழித்துவிட்டேன். "எஞ் சேலையக் கிழிச்சி ஒங்க மூத்தாளுக்கு உடுத்தி விடுதீயளாக்கும்? நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதிலிருந்து கார் அவளுக்கு மூத்தாள்தான். நான் சாப்பிட வரத் தாமதமானால், மூத்தாளைக் குளிப்பாட்டி முடிந்ததா என்று கேட்பாள்.

வக்கீல் வீட்டின் பின்புறம் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதிலே அவள் அடுப்பு வைத்து, கொல்லையில் இரண்டு கத்தரிச்செடி வைத்து, மலையாளத்தில் மீன்காரியோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருடம் அந்த முற்றத்தில் நின்ற காரில் அவள் ஒருமுறை கூட ஏறியதில்லை. ஏறவேண்டும் என்று சொன்னதும் இல்லை. ஓர் ஆனி மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். மூன்றாம் நாள் நினைவு தப்பியது. அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரவில்லை.

வக்கீல் ஆஸ்பத்திரிக்கே வந்தார். என் தோளில் கைவைத்து, "முத்தையா, நீ வண்டி எடுத்தோ. நாட்டில் கொண்டுபோய் எல்லாம் வேண்டுபோலெ செய்யு. இங்ஙத்தெ காரியம் ஒந்நும் நோக்கண்டா" என்றார். பிணத்துக்குத் தன் சொந்தக் காரைக் கொடுக்கிற முதலாளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பின் சீட்டில் அவளைக் கிடத்தினோம். தகவல் கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த அவள் தம்பி தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் ஓட்டினேன். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் இருப்பவர் குலுங்கக்கூடாது என்று பழகிய கால். வக்கீலம்மாவைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போவது எப்படியோ அப்படித்தான் ஓட்டினேன். களியக்காவிளை செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "உறங்குகயாணோ?" என்றார். "ஆமா" என்றேன். கம்பியைத் தூக்கிவிட்டார். பின்னாலிருந்து என் மைத்துனன் ஓவென்று அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கியர் மாற்றினேன்.

ஊரில் எல்லாம் நடந்தது. யார் யாரோ செய்தார்கள், நான் சொன்ன இடத்தில் நின்றேன். காரியம் முடிந்து நான் கிளம்புகிற அன்று அத்தை, அதாவது வேலம்மாளின் அம்மா, ஒரு பானை நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு காரிடம் வந்தாள். "பொணம் ஏத்துன வண்டிய அப்படியே திருப்பி விடப்பிடாது மருமவனே. அந்த வீட்டுலயும் ஒரு கொமரு இருக்கு. நாளைக்கு நல்லது நடக்கணும்லா" என்றாள். வக்கீலின் மகளைத்தான் சொன்னாள். வேப்பங்குழையை முக்கித் தெளித்தாள். அது போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், பானையைச் சரித்துப் பின் சீட்டில் ஊற்றி, கையால் வழித்து வழித்துத் தேய்த்தாள். மகள் படுத்துக்கிடந்த இடத்தில் கை நின்று நின்று போயிற்று. அது வெளிர் நிற ரெக்ஸின். அந்த வருடம்தான் புதிதாகத் தைத்துப் போட்டது. மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் பெற்றவளிடம் போய் ரெக்ஸினைப் பற்றி என்ன பேசுவது?

திருவனந்தபுரத்தில் வக்கீலம்மா காரின் பின் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். "இது எந்தா முத்தையா?" என்றார். "மஞ்சத் தண்ணிம்மா. தீட்டுக் கழிச்சது" என்றேன். அவர் 'ஓ' என்று மட்டும் சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒன்றும் பூசாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு மறுநாளே ஏறியிருப்பார்கள். இவள் எங்கே கிடந்தாள், எவ்வளவு தூரம் கிடந்தாள் என்பதை அந்த மஞ்சள்தான் படம் போட்டுக் காட்டியது. அந்த வீட்டுக்குத் தீட்டு ஒட்டக்கூடாது என்று அத்தை செய்தது, அந்த வீட்டாரைக் காரில் ஏறவிடாமல் செய்துவிட்டது.

வக்கீல் கோர்ட்டுக்கு ஆட்டோவில் போகத் தொடங்கினார். அவர் மகள் பஸ்ஸுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் தினமும் காலையில் வண்டியைக் குளிப்பாட்டினேன், மெழுகு போட்டேன், கண்ணாடி துடைத்தேன். எங்கும் போகாத வண்டி. கடைசியில் ஒருநாள் வக்கீல் கூப்பிட்டார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். "அதுக்கு முன்பு கறை போயாச் சரி முத்தையா. இல்லெங்கில் இந்த வண்டி கொடுத்திடாம். உனக்கு வேறெ எவிடெயெங்கிலும் ஒரு ஜோலி ஞான் நோக்காம்" என்றார். வண்டியை விற்றுவிட்டு எனக்கு வேறு வேலை பார்த்துத் தருகிறாராம். நல்ல மனிதர், பார்த்தும் கொடுத்திருப்பார். ஆனால் வண்டி போனால் பின்கட்டு அறையும் போகும். அவள் வைத்த அடுப்பு, கொல்லைக் கத்தரி, சுவரில் அவள் தலைமுடி எண்ணெய் பட்ட இடம், எல்லாம் அங்கேதான் இருந்தன. ஊரில் அவளுடையது என்று எதுவும் இல்லை, சுடுகாட்டைத் தவிர. எனக்கு அந்த அறை வேண்டும். அதற்கு அந்த மஞ்சள் போகவேண்டும்.

பெட்ரோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பழவங்காடியில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மார்த்தாண்டத்துக்காரர். என்ன கறை என்றார். மஞ்சள் என்றேன். "மீன்கறி மறிஞ்சுதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்பொ சலவைச் சோடா கலக்கி நல்லா தேயும் ஓய். எண்ணெ போச்சுண்ணா மஞ்சளும் கூடப் போவும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. மீன்கறிக்கு அது சரியான வைத்தியம்தான்.

சோடாவைக் கரைத்து, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் சிவந்தது. தையல் வழியே சிவப்பு ஓடி, சீட்டின் விளிம்பில் சொட்டியது. நான் பிரஷ்ஷைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி ஆகும் என்று தெரியாத தமிழன் உண்டா? சோடாவும் அந்த வேலையைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்தன்று இதே அத்தைதான் வாசலில் எங்களை நிறுத்தி, இதே சிவப்புத் தண்ணீரைத் தட்டில் வைத்துச் சுற்றினாள். வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "வெயிலு சுடுது, சீக்கிரம் சுத்தச் சொல்லுங்க" என்று என் காதில் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஐயோ, சோர!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. வக்கீலம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ரத்தம் என்று நினைத்துவிட்டார். காய்ச்சலில்தான் செத்தாளா என்ற சந்தேகம் அந்த முகத்தில் தெரிந்தது. நான் பதறியிருக்கவேண்டும், பதறவில்லை. மஞ்சளும் சோடாவும் சேர்ந்தது, எங்கள் கல்யாணங்களில் இப்படித்தான் சுற்றுவோம் என்று ஏதோ வழக்கு விவரம் சொல்வது மாதிரி சொன்னேன். அவர் பக்கத்தில் வந்தார். குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். "குருதி" என்றார் மெல்ல. "ஞங்ஙளுடெ பகவதிக்கு குருதி கலக்குந்நது இங்ஙனெ தன்னெ. மஞ்ஞளும் சுண்ணாம்பும்." பிறகு உள்ளே போய் நாலைந்து எலுமிச்சம்பழத்தை அறுத்து எடுத்துவந்தார். அவரே பிழிந்துவிட, நான் தேய்த்தேன். சிவப்பு அடங்கி மறுபடி மஞ்சளானது. அதற்கு மேல் போகவில்லை. "வெயில் கொள்ளணும் முத்தையா. என்டெ நேரியதில் மஞ்ஞள் பட்டா வெயிலத்து இடும், உச்சக்குள்ளே போகும். சோப்பு ஒந்நும் வேண்டா" என்றார். முண்டுக்கு மேல் போர்த்தும் வெள்ளை நேரியதில் பட்ட மஞ்சள்கூட மத்தியானத்துக்குள் வெயிலிலேயே போய்விடுமாம். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தோம். கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்தில் இங்கே விடாமல் கொட்டுவது. "உன்டெ நாட்டில் வெயிலுண்டோ?" என்றார். உண்டு என்றேன். "எங்கில் கொண்டுபோ."

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கறை போயிற்று. வக்கீலின் மகள் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்துதான் கல்யாண மண்டபத்துக்குப் போனாள், நான்தான் ஓட்டினேன். அறையும் எனக்கே இருந்தது. இதை எழுதுவதும் அதே அறையில்தான்.

மழையோடு மழையாகக் கிளம்பினேன். நாகர்கோவில் வரை வைப்பர் நிற்கவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் யாரோ கோடு கிழித்துவிட்டது போல மழை நின்று, வெயிலும் ஆடிக்காற்றும் அடித்தன. ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். போகவில்லை. அத்தை பார்த்தால் என்னவென்று சொல்வது? ரோட்டோரம் ஒரு பாறை பார்த்து நிறுத்தி, பின் சீட்டைக் கழற்றி எடுத்து அதன் மேல் வைத்தேன். கையில் பிரஷ் இல்லை, துணி இல்லை, பாலிஷ் இல்லை. வெறுமனே இருந்து பார்க்கவேண்டிய வேலை. வெயில் ஏற ஏற மஞ்சள் வெளிறியது. அத்தையின் கை வழித்த தடங்கள் முதலில் போயின. தலை இருந்த மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. நான் எழுந்து அந்தப் பக்கம் நின்றுகொண்டேன், என் நிழல் அதன் மேல் விழுந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கால் வலித்தது. நகர்ந்து வெயிலுக்கு வழிவிட்டேன்.

உச்சிவேளையில் சீட்டு புதுசு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. ஆறு வருடமாக நாள் தவறாமல் துடைத்த சீட்டு, அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. டிரைவர் எங்கே பின் சீட்டில் உட்காருவது? வேலம்மாள்தான் எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அதில் போயிருக்கிறாள். பாறையில் ஏறி, மூலையில் அவளுக்கு இடம் விட்டு, தள்ளி உட்கார்ந்தேன். ரெக்ஸின் சுட்டது. இடப்பக்கம் கணவாய்க்கு மேல் மேகம் கறுத்துக் கிடந்தது, வலப்பக்கம் எங்கள் ஊர்ப் பனைகள் காற்றில் ஆடின. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொண்டு குனிந்தபோது மேற்கேயிருந்து ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன், திருவனந்தபுரத்து நம்பர். அதில் யார் இருந்தார்கள், என்னை யாருக்குத் தெரியும்? ஆனால் நான் பின் சீட்டை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.